எட்டில் நான்கு தூங்கலாமா? காருக்குள் ஒளிந்திருக்கும் கம்ப்யூட்டர்

உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன? மேஜை மேல் இருப்பது ஒன்று என்று உடனே சொல்வீர்கள். வாசலில் ஒரு கார் நின்றால் கணக்கு தவறு. அதற்குள் சிறியதும் பெரியதுமாகப் பல கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது, விண்டோஸ் கிடையாது. ஆனாலும் புராசசர், மெமரி, சாஃப்ட்வேர் எல்லாம் உண்டு. அந்த சாஃப்ட்வேர் செய்யும் ஒரு வேலை பிடிக்காமல், அமெரிக்காவில் பலர் அதை டிஸேபிள் செய்கிறார்கள். நானும் செய்தேன். செய்த பிறகு கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

ஹூஸ்டனில் சாஃப்ட்வேர் இன்ஜினியராக மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். குழந்தை பிறந்ததும் சிறிய காரை விற்றுவிட்டு, ஏழு வயதான ஒரு பெரிய எஸ்யுவி வாங்கினேன். எட்டு சிலிண்டர் இன்ஜின். ஹைவேயில் மணிக்கு 60 மைலில் சீராகப் போகும்போது, திடீரென்று வண்டிக்குள் "ம்ம்ம்" என்று ஒரு முனகல் கேட்கும். ஸ்டியரிங்கில் லேசான அதிர்வு தெரியும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் போய்விடும். சில விநாடிகளில் மீண்டும் வரும். "ஏங்க, வண்டிக்கு ஏதாவது ஆச்சா?" என்று மனைவி கேட்பாள். "சாஃப்ட்வேர்தான்" என்று சொல்லிச் சமாளிப்பேன். நான் சொன்னது உண்மைதான்.

சிலிண்டருக்கு ஓய்வு கொடுக்கும் சாஃப்ட்வேர்

எட்டு சிலிண்டர் இன்ஜினின் முழுச் சக்தி எப்போது தேவை? மேட்டில் ஏறும்போது, பின்னால் டிரெய்லர் இழுக்கும்போது, வேகமாக முந்தும்போது. சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது அதில் ஒரு சிறு பங்கே போதும். அப்போது காற்று போகும் வழியான த்ராட்டில் பெரும்பாலும் மூடியே இருக்கும். சிறு இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்ச எட்டு பிஸ்டன்களும் திணறும். ஸ்ட்ராவை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இளநீர் குடித்துப் பாருங்கள், புரியும். இப்படி உறிஞ்சுவதிலேயே பெட்ரோலின் ஒரு பகுதி வீணாகிறது.

நான்கு சிலிண்டர்களை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? மீதி நான்கும் இரண்டு மடங்கு வேலை செய்ய வேண்டும். அதற்குக் காற்று அதிகம் வேண்டும். எனவே த்ராட்டில் அகலமாகத் திறக்கும், உறிஞ்சும் சிரமம் குறையும், பெட்ரோல் மிச்சமாகும். இதுதான் சிலிண்டர் டீஆக்டிவேஷன்.

ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் நிறுவனங்களின் வி8 இன்ஜின்களில் 1, 4, 6, 7 ஆகிய சிலிண்டர்கள் தூங்கப் போகின்றன. கம்ப்யூட்டர் கட்டளை கொடுத்ததும் ஒரு சொலினாய்டு திறந்து, ஆயில் பிரஷர் லிஃப்டர் என்ற சிறிய உருளைக்குள் பாயும். லிஃப்டருக்குள் இருக்கும் பூட்டு ஊசி விலகும். கேம் ஷாஃப்ட் வழக்கம்போல் சுற்றும், லிஃப்டரும் ஸ்பிரிங் போல் அமுங்கி எழும், ஆனால் வால்வு திறக்காது. உள்ளே அடைபட்ட காற்று பந்துபோல் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். பெட்ரோலும் நிறுத்தப்படும். கண் இமைக்கும் நேரத்திற்குள் இது முடிந்துவிடும்.

அந்த முனகல் எங்கிருந்து வருகிறது? ஒரு சின்னக் கணக்கு. இன்ஜின் நிமிடத்திற்கு 1700 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு சிலிண்டரும் வேலை செய்தால் விநாடிக்கு சுமார் 113 முறை எரிப்பு நடக்கும். நான்கு மட்டும் வேலை செய்தால் சுமார் 57 முறை. ஒலி பாதியாகத் தணிந்து கனத்த முனகலாகக் கேட்கிறது, அதிர்வும் உடம்பில் தெரிகிறது. இதை மறைக்க, ஸ்பீக்கர் வழியாக எதிர் ஒலி எழுப்பும் வசதியைக்கூடச் சில வண்டிகளில் வைத்திருக்கிறார்கள்.

1981-லேயே ஒயரை வெட்டினார்கள்

இது புதிய யோசனை அல்ல. 1973 பெட்ரோல் நெருக்கடிக்குப் பிறகு, 1975-ல் அமெரிக்கா கார்களின் மைலேஜுக்குச் சட்டம் போட்டது. பெரிய இன்ஜினும் வேண்டும், மைலேஜும் வேண்டும் என்ற நெருக்கடியில் 1981-ல் காடிலாக் ஒரு இன்ஜினை வெளியிட்டது. அது தேவைக்கேற்ப எட்டு, ஆறு, நான்கு சிலிண்டர்களில் ஓடும். எத்தனை சிலிண்டர் ஓடுகிறது என்பதை டாஷ்போர்டிலேயே காட்டும்.

யோசனை நல்லதுதான். அதை நடத்த வேண்டிய கம்ப்யூட்டர் அன்று போதுமான வேகத்தில் இல்லை. மாறும்போதெல்லாம் வண்டி குலுங்கியது. பல உரிமையாளர்கள் ஒரே ஒரு ஒயரைத் துண்டித்து, எட்டிலேயே ஓடவிட்டார்கள். அடுத்த ஆண்டே பெரும்பாலான மாடல்களிலிருந்து அந்த இன்ஜின் நீக்கப்பட்டது. ஹார்டுவேர் தயாராகும் முன்பே சாஃப்ட்வேரை வெளியிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல பாடம்.

சிப்கள் வேகமான பிறகு யோசனைக்கு மறுபடி உயிர் வந்தது. 2000-களின் நடுவில் கிரைஸ்லரின் 5.7 லிட்டர் ஹெமி, ஜெனரல் மோட்டார்ஸின் 5.3 லிட்டர், ஹோண்டாவின் வி6 ஆகிய இன்ஜின்களில் இது வந்தது. 2019 மாடல் சில்வராடோவில் 17 விதமான சேர்க்கைகளில் சிலிண்டர்களை நிறுத்தும் அளவுக்கு சாஃப்ட்வேர் வளர்ந்துவிட்டது.

2021-ல் ஒரு வேடிக்கை நடந்தது. உலகம் முழுவதும் சிப் தட்டுப்பாடு. அந்த ஆண்டு மார்ச்சில், சில பிக்கப் டிரக்குகளை இந்த வசதிக்கான மாட்யூல் இல்லாமலேயே தயாரிப்பதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. அதனால் மைலேஜ் கேலனுக்கு 1 மைல் குறையும் என்றும் சொன்னது. காசு கொடுத்து டிஸேபிள் செய்துகொண்டிருந்தவர்கள், "இதைத்தானே கேட்டோம்" என்று சிரித்திருப்பார்கள்.

அந்த 1 மைலின் விலையைப் பார்ப்போம். கேலனுக்கு 18 மைல் தரும் வண்டி 17 ஆகக் குறைகிறது. ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டினால் 667 கேலனுக்குப் பதில் 706 கேலன் ஆகும். கூடுதலாக 39 கேலன். கேலன் 3.50 டாலர் என்றால் ஆண்டுக்குச் சுமார் 137 டாலர்.

நண்பரின் 4,500 டாலர்

137 டாலரைக் கூடுதலாகச் செலவழிக்க ஏன் பலர் தயாராக இருக்கிறார்கள்? முனகல் மட்டும் காரணம் அல்ல. பூட்டு ஊசி கொண்ட லிஃப்டர், சாதாரண லிஃப்டரைவிடச் சிக்கலானது. ஆயில் அழுக்கானாலும், பிரஷர் சரியாக இல்லாவிட்டாலும் ஊசி சரியாகப் பூட்டாமல் போகலாம். அப்போது "டிக் டிக்" என்று சத்தம் வரும், சிலிண்டர் சரியாக எரியாது, கடைசியில் கேம் ஷாஃப்ட்டையே அரித்துவிடும். இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான்.

என் அலுவலக நண்பர் ஒருவர், திருநெல்வேலிக்காரர், நாங்கள் அண்ணாச்சி என்று அழைப்போம். குடும்பத்தோடு டல்லாஸ் போகும் வழியில் ஹன்ட்ஸ்வில் அருகே அவர் வண்டி உதறி நின்றது. இரவு நேரம், இரண்டு குழந்தைகள், டோ டிரக்குக்கு மூன்று மணி நேரம் காத்திருப்பு. லிஃப்டர்களும் கேம் ஷாஃப்ட்டும் மாற்ற 4,500 டாலர். அந்த வாரமே அவர் ஒரு டிஸேபிள் கருவி வாங்கினார். எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்து, "தம்பி, பேசாம இதச் செருகிரு. எனக்கு வந்தது ஒனக்கு வர வேண்டாம்" என்றார்.

என் வண்டியிலும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் "டிக் டிக்" கேட்டுக்கொண்டிருந்தது. பயந்துபோய் அன்றே செருகிவிட்டேன்.

எங்கே செருகுவது?

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். 16 பின்கள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். இதன் பெயர் ஓபிடி-2. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் கட்டாயம். இந்தியாவில் இன்று விற்கும் புதிய கார்களிலும் உண்டு. உங்கள் பிசியின் யுஎஸ்பி போர்ட்டைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் இரண்டே ஒயர்களில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. இந்த நெட்வொர்க்குக்கு கேன் பஸ் என்று பெயர். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கி 1986-ல் அறிமுகப்படுத்தியது. சாக்கெட்டின் 6 மற்றும் 14-வது பின்கள் இந்த நெட்வொர்க்குக்கு உரியவை. 16-வது பின்னில் பேட்டரியின் 12 வோல்ட் எப்போதும் இருக்கும். இந்த "எப்போதும்" என்ற சொல்லை நினைவில் வையுங்கள், பிறகு உதவும்.

டிஸேபிள் செய்யும் வழிகள்

1. கியர் பட்டன்: பல வண்டிகளில் கியரை மேனுவல் நிலைக்கு மாற்றினாலோ, டிரெய்லர் இழுக்கும் மோடைப் போட்டாலோ இன்ஜின் எட்டு சிலிண்டரிலேயே ஓடும். செலவு எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஞாபகமாகச் செய்ய வேண்டும். வண்டிக்கு வண்டி மாறுவதால் மேனுவலைப் படித்துப் பாருங்கள்.

2. ஓபிடி கருவி: தீப்பெட்டி அளவு. சாக்கெட்டில் செருகினால் கேன் பஸ்ஸில் செய்தி அனுப்பி, நான்கு சிலிண்டர் நிலைக்கு இன்ஜின் போகாமல் தடுக்கும். காரின் சாஃப்ட்வேரை மாற்றாது. எடுத்துவிட்டால் வண்டி பழைய நிலைக்கு வந்துவிடும்.

3. ரெசிஸ்டர்: ஹோண்டா வி6 வண்டிகளில் பலர் செய்வது. கூலன்ட் வெப்ப சென்சாரின் ஒயரில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால், இன்ஜின் உண்மையில் இருப்பதைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பும். "இன்னும் சூடாகவில்லை, சிலிண்டரை நிறுத்தக் கூடாது" என்று முடிவெடுக்கும். மலிவான தந்திரம். ஆனால் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கிறோம். இன்ஜின் உண்மையிலேயே கொதிக்கும்போதும் அது சில டிகிரி குறைவாகத்தான் பார்க்கும்.

4. புரோகிராமை மாற்றுவது: லேப்டாப்பை இணைத்து இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரையே திருத்துவது. பிசியில் பயாஸை ஃப்ளாஷ் செய்வது போன்றது. நடுவில் மின்சாரம் போனால் பயாஸுக்கு என்ன ஆகுமோ, அதேதான் இங்கும் ஆகும்.

5. அடியோடு நீக்குவது: சிறப்பு லிஃப்டர்களையும் கேம் ஷாஃப்ட்டையும் எடுத்துவிட்டுச் சாதாரணமானவற்றைப் பொருத்தி, சாஃப்ட்வேரையும் மாற்றுவது. சில ஆயிரம் டாலர் செலவாகும்.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். முதல் நான்கு வழிகளிலும் சிறப்பு லிஃப்டர்கள் இன்ஜினுக்குள் அப்படியேதான் இருக்கும். அவற்றுக்கு வேலை கொடுப்பதை நிறுத்துகிறோம், அவ்வளவுதான். தேய்ந்துபோன லிஃப்டரை எந்த சாஃப்ட்வேரும் சரிசெய்யாது.

லேப்டாப்பில் பார்த்தேன்

கருவி வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சுமார் 20 டாலருக்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் ஒன்றை வாங்கினேன். டிஸேபிள் கருவியை எடுத்துவிட்டு ஒரு வாரம், ஒய் ஸ்பிளிட்டர் வழியாக இரண்டையும் செருகி ஒரு வாரம் என்று பதிவு செய்தேன். வண்டி ஓட்டும்போது லேப்டாப் மனைவியின் மடியில் இருந்தது.

கார் அனுப்பும் எண்களைப் புரிந்துகொள்வது எளிது. கூலன்ட் வெப்பம் ஒரு பைட்டில் வரும், அதிலிருந்து 40-ஐக் கழித்தால் செல்சியஸ். 130 வந்தால் 90 டிகிரி. இன்ஜின் சுற்று இரண்டு பைட்டுகளில் வரும். முதல் எண்ணை 256-ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, 4-ஆல் வகுக்க வேண்டும். 26, 248 என்று வந்தால் 1726 சுற்று. எக்செல் இருந்தால் போதும்.

எத்தனை சிலிண்டர் ஓடுகிறது என்று சொல்லும் எண் பொதுப் பட்டியலில் இல்லை. ஆனால் உள்ளே போகும் காற்றின் அழுத்தம் இருக்கிறது. த்ராட்டில் அகலமாகத் திறந்தால் அது கூடும் அல்லவா? கருவி இல்லாதபோது, ஒரே வேகத்தில் போகும்போதே 40 கிலோபாஸ்கலிலிருந்து 70-க்கு மேல் திடீரென்று தாவியது. அதே விநாடியில் முனகலும் வந்தது. கருவி இருந்தபோது தாவல் இல்லை, முனகலும் இல்லை. நான்கு முறை டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்ததில் மைலேஜ் 18.6-லிருந்து 17.7 ஆகக் குறைந்திருந்தது.

பிரச்னை தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தேன். காலை நேரத்து "டிக் டிக்" மட்டும் போகவில்லை. போகப்போகப் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா கேட்ட ஒரே கேள்வி

மூன்று மாதம் கழித்து மூன்று வார லீவில் ஈரோடு போனேன். அப்பா அரசுப் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். லேப்டாப்பைத் திறந்து கிராஃப்களை எல்லாம் பெருமையாகக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி கண்ணு, ஆயில் கம்பிய இழுத்துப் பாத்தயா?"

"தேவையில்லப்பா, ஆயில் இன்னும் 62 சதவீதம் இருக்குன்னு டாஷ்போர்டே காட்டுது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குப் போனதும் ஒருமுறை இழுத்துப் பார் என்று மட்டும் சொன்னார்.

ஹூஸ்டன் திரும்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரி காலி. 16-வது பின் நினைவிருக்கிறதா? எப்போதும் மின்சாரம் உள்ள அந்தப் பின்னிலிருந்து கருவி மூன்று வாரமாகச் சொட்டுச் சொட்டாகக் குடித்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஜம்பர் கேபிள் கொண்டுவரும் வரை சும்மா நிற்கும்போது, அப்பா சொன்னது நினைவுக்கு வந்து டிப் ஸ்டிக்கை இழுத்தேன். நுனியில் ஒரு துளிகூட இல்லை.

மெக்கானிக் பார்த்துவிட்டு இரண்டு குவார்ட் குறைவாக இருப்பதாகச் சொன்னார், ஏறக்குறைய 2 லிட்டர். அப்படியானால் டாஷ்போர்டில் காட்டிய 62 சதவீதம்? அது அளவு அல்ல, கணக்கு. இன்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, எவ்வளவு சூட்டில் ஓடியது என்பதை வைத்து, ஆயிலை மாற்ற இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்று சாஃப்ட்வேர் போடும் மதிப்பீடு. என் வண்டியில் அது ஆயிலைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. தினமும் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் நான், திரையில் தெரியும் எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவே இல்லை.

இந்த லிஃப்டர்கள் உயிர் வாழ்வதே ஆயிலால்தான். ஆயில் இல்லாத இன்ஜினில் கருவியைச் செருகிவிட்டு, மூன்று மாதம் குழந்தையை ஏற்றிக்கொண்டு சுற்றியிருக்கிறேன். ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகு ஒரு வாரத்தில் "டிக் டிக்" நின்றது. என் அதிர்ஷ்டம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அண்ணாச்சியின் பில் எனக்கும் வந்திருக்கும்.

செய்வதற்கு முன் கவனியுங்கள்

சட்டம்: அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம், புகைக் கட்டுப்பாட்டுக்கு உரிய அமைப்புகளைச் செயலிழக்கச் செய்வதைத் தடை செய்கிறது. கலிஃபோர்னியாவில் கூடுதல் கெடுபிடி உண்டு, இத்தகைய பொருளுக்கு அங்கே விலக்கு ஆணை எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

புகைச் சோதனை: ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் இது ஆண்டுதோறும் உண்டு. வண்டிகளின் பாதுகாப்புச் சோதனையை டெக்சாஸ் 2025 ஜனவரியில் நிறுத்தினாலும் புகைச் சோதனை தொடர்கிறது. அதே ஓபிடி சாக்கெட்டில்தான் சோதனைக் கருவியைச் செருகுவார்கள்.

வாரண்டி: வெளிப் பொருள் பொருத்திய ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க முடியாதபடி 1975-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று பாதுகாக்கிறது. ஆனால் அந்தப் பொருளால்தான் பழுது என்று நிறுவனம் காட்டிவிட்டால், செலவு உங்களுடையது. புரோகிராமை மாற்றியிருந்தால் வாக்குவாதம் இன்னும் பெரிதாகும்.

நீண்ட நாள் நிறுத்தினால்: கருவியைக் கழற்றிவிடுங்கள்.

இது அமெரிக்க விஷயம், நமக்கெதற்கு என்கிறீர்களா? 2021-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வேகன் டைகுன் கார்களின் 1.5 லிட்டர் இன்ஜினிலும் நான்கில் இரண்டு சிலிண்டரை நிறுத்தும் வசதி உண்டு. அதன் அமைப்பு வேறு, நான் மேலே சொன்ன கருவிகள் அதற்குப் பொருந்தாது.

இப்போது நான் என்ன செய்கிறேன்? கருவியை அண்ணாச்சியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீண்ட பயணத்தில் முனகல் தொந்தரவு செய்தால் கியரை மேனுவலில் போட்டுக்கொள்கிறேன். டாஷ்போர்டு சதவீதத்துக்காகக் காத்திராமல் 5,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன். இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒருமுறை டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கிறேன். அண்ணாச்சி தன் வண்டியில் கருவியை எடுக்கவே மாட்டேன் என்கிறார். ஹன்ட்ஸ்வில் ரோட்டில் இரவு மூன்று மணி நேரம் நின்றவரிடம் மைலேஜ் கணக்குப் பேச எனக்கு வாய் வரவில்லை. கருவியால் லிஃப்டரின் ஆயுள் கூடும் என்பது அவர் நம்பிக்கை. கூடலாம், எனக்கு யாரும் அதற்குக் கணக்குக் காட்டவில்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர், பிசி மெதுவாக ஓடுகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆன்டி வைரஸை டிஸேபிள் செய்கிறார்கள். சில நாள் வேகமாகவும் ஓடும். உண்மையில் கோளாறு ஹார்ட் டிஸ்க்கில் இருந்திருக்கும். எதையும் டிஸேபிள் செய்யும் முன் அது என்ன வேலை செய்கிறது, உங்கள் பிரச்னைக்கு அதுதான் காரணமா என்று பாருங்கள். காராக இருந்தால் முதலில் பானெட்டைத் திறந்து ஆயில் கம்பியை இழுத்துப் பாருங்கள்.